பெயர் ஒட்டாத பாத்திரம்

அத்தியாயம் 9

"டாக்டர் 'மன்னிச்சுடுங்க'ன்னு சொன்னா அது கோர்ட்ல சாட்சியம் ஆகாது. சரி. டாக்டர் அழுதா அந்தக் கண்ணீரும் சாட்சியம் ஆகாது. அதுவும் சரி. கையைப் பிடிச்சார், தோளைத் தட்டினார், பூங்கொத்து அனுப்பினார், எதுவும் ஆகாது. எல்லாம் புரியுது பாஸ். ஆனா இந்தக் கடைசி வரி என்ன? 'எந்தப் பாத்திரத்தில் கொண்டுவரப்பட்ட உணவும்.' நம்ம சட்டசபை இப்ப சமையல் குறிப்பும் எழுத ஆரம்பிச்சுடுச்சா?"

நெஸ்டர் கார்ஸா இரண்டு கைகளையும் காரின் ஹீட்டர் துவாரத்தில் வைத்துக்கொண்டு, மடியில் கிடந்த மசோதா நகலைப் படித்துக்கொண்டிருந்தான். பிறந்தது டெக்சாஸ் வெயிலில். இந்த வடக்கு மாநிலத்துக்கு வந்து வருஷக்கணக்காகியும் ஜனவரி மாதத்தோடு அவனுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

ஓட்டிக்கொண்டிருந்த ஹில்டா பிராண்ட்வோல்ட் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள்.

"திரும்பப் படி."

"எந்தப் பாத்திரத்தில்..."

"அது முதல் மசோதாவுல இருந்துச்சா?"

நெஸ்டர் இரண்டு நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "இல்ல. இது புதுசு. போன வாரம் நுழைஞ்சிருக்கு. செனட்டர் ஸ்டென்சன் கொண்டுவந்த திருத்தம்."

"பூட்டு எங்க தொங்குதோ அங்கதான் ஏதோ இருக்கு நெஸ்டர். கதவுக்குப் பூட்டுப் போட்டா வழக்கம். கோழிக்கூண்டுக்கு மூணு பூட்டுப் போட்டிருந்தா நான் கோழிக்கூண்டைத்தான் பார்ப்பேன்."

ஹில்டா துப்பறிய வருவதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். எரிந்துபோன வீட்டுக்கு நஷ்ட ஈடு கேட்டு வருகிறவன் முகத்தைப் பார்த்தே தீப்பெட்டி யார் சட்டைப் பையில் இருந்தது என்று சொல்லிவிடுவாள் என்று பெயர். இப்போது காரைத் திருப்பினாள். தலைநகரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கார் வெஸ்ட் ஹால்வர் ஊரைப் பார்த்து ஓடியது.

மசோதாவின் பெயர் மருத்துவர் பரிவுச் சட்டம். பெயரைக் கேட்டால் கல் மனசும் கரையும். உள்ளே புகுந்து பார்த்தால்தான் பரிவு எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். சிகிச்சையில் தவறு நடந்தபின் டாக்டரோ ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்களோ குடும்பத்தாரிடம் என்ன சொன்னாலும், என்ன செய்தாலும், அதை வழக்கில் இழுக்கக் கூடாது. ஏற்கெனவே நடக்கிற வழக்குகளுக்கும் இது பொருந்தும். மசோதாவைக் கொண்டுவந்தவர் மாநில செனட்டர் லோவல் ஸ்டென்சன். அதை விசாரிக்கும் நீதிக் குழுவுக்குத் தலைவரும் அவரே. வெஸ்ட் ஹால்வர் ஆஸ்பத்திரியின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரும் அவரே. சமைப்பதும் பரிமாறுவதும் சாப்பிட்டுவிட்டு 'ஆஹா' சொல்வதும் ஒரே ஆள். நாளை மதியம் குழுவில் விசாரணை, கையோடு ஓட்டு.

அந்த ஓட்டு விழுந்தால் ஆர்டிஸ் ஸ்கோகனின் வழக்கு செத்தது. அவளுக்காகத்தான் ஹில்டாவும் நெஸ்டரும் அலைந்துகொண்டிருந்தார்கள்.

ஆர்டிஸின் கணவன் ஓரின், சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டியவன். போன குளிர்காலத்தில் ஒரு காலை, பித்தப்பைக் கல்லை எடுக்க அந்த ஆஸ்பத்திரிக்குத் தன் காலாலேயே நடந்து போனான். திரும்பி வரவில்லை. ஆபரேஷன் அருமையாக முடிந்தது, மதியம் முழுக்க நன்றாக இருந்தார், சாயங்காலம் திடீரென்று ரத்தக்கட்டி அடைத்து, கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதுதான் ஆஸ்பத்திரி சொன்ன கதை. ஆஸ்பத்திரிப் பதிவுகளும் அதையே சொல்லின, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரே நோட்டைப் பார்த்து எழுதியது போல.

"பணம் வேண்டாம்னு பெருந்தன்மையா சொல்ல மாட்டேன்," என்று முதல் சந்திப்பிலேயே ஆர்டிஸ் சொல்லியிருந்தாள். "ஆனா நான் கேக்கறது வேற. அவர் உயிரோட இருக்கும்போதே அவர் பிழைக்க மாட்டார்னு அவங்களுக்குத் தெரிஞ்சுதா? தெரிஞ்சும் என்னைக் கூப்பிடலியா? நான் வேலை பார்க்கற பள்ளிக்கூடச் சமையலறைலேர்ந்து ஆஸ்பத்திரி ரெண்டு தெரு. ஏப்ரனைக்கூடக் கழட்டாம ஓடி வந்திருப்பேனே. இதுக்கு மட்டும் பதில் வாங்கிக் குடுங்க."

பதில் வாங்கப் போன இடத்திலெல்லாம் ஹில்டாவுக்கும் நெஸ்டருக்கும் காபி கிடைத்தது, பிஸ்கட் கிடைத்தது, 'ரொம்ப வருத்தமா இருக்கு' என்ற வார்த்தை மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. பதில் மட்டும் கிடைக்கவில்லை. இந்த ஊர் மனுஷர்கள் வாசலில் கதவைச் சாத்த மாட்டார்கள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சிரித்த முகத்தோடு வாயைச் சாத்திக்கொள்வார்கள்.

*

ஆர்டிஸின் சமையலறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். உயரமான பெண். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துச் சிவந்த கைகள். கேட்காமலே காபி வந்தது.

"ஓரின் இறந்தப்ப யார் யார் சாப்பாடு கொண்டுவந்தாங்க ஆர்டிஸ்?" என்று ஹில்டா நேராக ஆரம்பித்தாள்.

"யார் கொண்டுவரலன்னு கேளுங்க. அடுக்கி வைக்க இடமில்ல. எல்லாம் ஹாட்டிஷ்தான்."

நெஸ்டர் முகத்தைச் சுளித்தான். மாட்டிறைச்சிக் கொத்து, பீன்ஸ், டப்பாவில் வரும் காளான் சூப், மேலே வரிசையாக உருளைக்கிழங்கு உருண்டைகள். எல்லாவற்றையும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டி ஓவனில் வேகவைத்தால் அது ஹாட்டிஷ். இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பாதிரியார் வருவதற்குள் அது வந்துவிடும். உப்பு, காரம், உணர்ச்சி எதுவும் அதில் தூக்கலாக இருக்காது என்பது நெஸ்டரின் புகார்.

"பாத்திரமெல்லாம் திருப்பிக் குடுத்தாச்சா?"

"பின்னே? அடியில டேப் ஒட்டி அவங்கவங்க பேர் எழுதியிருக்குமே. கழுவித் துடைச்சு அந்த மாசமே எல்லாம் போயாச்சு." ஆர்டிஸ் கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணைத் தவிர."

ஃபிரிட்ஜின் மேலிருந்து அதை எடுத்து மேசையில் வைத்தாள். பழைய கண்ணாடிப் பாத்திரம். ஓரத்தில் நீலக் கோடு, ஒரு பக்கப் பிடியில் சின்ன உடைசல். ஹில்டா கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் டேப்பும் இல்லை, பெயரும் இல்லை.

"சர்ச்சுல ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுட்டேன். யாரும் தன்னுதுன்னு சொல்லல. ஊரார் பாத்திரத்தை வச்சு அமுக்கிட்டேன்னு எவளாவது நினைச்சுக்கப்போறா, எனக்கு ஒரே வெக்கம்."

"பேர் எழுதாம ஒரு பொம்பளை பாத்திரம் அனுப்புவாளா?"

"இந்த ஊர்லயா? புருஷன் பேரை மறந்தாலும் மறப்பா."

"இது எப்ப வந்துச்சு?"

"அன்னிக்கே. வேலை முடிஞ்சு பள்ளிக்கூடத்துலேர்ந்து கிளம்பறப்ப ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்து, அங்கேர்ந்தே ஓடிப் போய் அவரைப் பார்த்துட்டு, தங்கச்சியோட இங்க திரும்பறேன். வாசப்படியில இருந்தது."

"பலே!" என்றான் நெஸ்டர். "செய்தி வந்த சூட்டோட சாப்பாடும் வந்துடுச்சு. எங்க ஊர்ல பீட்சாகூட இவ்வளவு சீக்கிரம் வராது."

"சூடா? நீங்க வேற. தங்கச்சி 'ரெண்டு வாய் சாப்பிடுக்கா'ன்னு கரண்டியை விட்டா, இறங்கவே இல்ல. பாறாங்கல்லு. கரண்டிதான் வளைஞ்சுது. அந்த நேரத்துலயும் ரெண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரிச்சோம்."

ஹில்டா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஃப்ரீசர்ல செஞ்சு வச்சிருந்ததை அப்படியே தூக்கிட்டு வந்திருப்பாங்க பாஸ்," என்றான் நெஸ்டர். "அவசரத்துக்கு ஆகும்னு எல்லார் வீட்டுலயும் ஒண்ணு உறைஞ்சு கிடக்குமே."

"இருக்கலாம். ஆர்டிஸ், படியிலேர்ந்து இதை எப்படி எடுத்தீங்க? கையால தூக்கினீங்களா?"

"எங்க வந்துச்சு? படியோட படியா ஒட்டிக்கிட்டிருந்தது. கெட்டில்ல வெந்நீர் போட்டு ஊத்தி ஊத்தித்தான் பேத்தெடுத்தோம்."

"அப்ப ஃப்ரீசர் இல்ல," என்றாள் ஹில்டா. குரல் தாழ்ந்திருந்தது. "உறைஞ்ச பாத்திரத்தைப் பனி மேல வச்சா சும்மா உட்கார்ந்திருக்கும். ஒட்டாது. அடுப்புலேர்ந்து எடுத்த சூட்டோட வச்சாத்தான் கீழ இருக்கற பனி உருகும். அப்புறம் பாத்திரம் ஆறும், உருகின தண்ணி திரும்ப உறைஞ்சு பாத்திரத்தைக் கவ்விக்கும். வைக்கறப்ப இது கொதிக்கக் கொதிக்க இருந்திருக்கு. நீங்க பார்க்கறப்ப உள்ளே வரைக்கும் கல்லாகியிருக்கு."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" நெஸ்டரின் குரலில் இருந்த கேலி காணாமல் போயிருந்தது.

"இவ்வளவு பெரிய பாத்திரமா? எந்தக் குளிரா இருந்தாலும் அரை நாள் வேணும்."

ஆர்டிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆனா எனக்குப் போன் வந்ததே இருட்டினப்புறம்தானே. சாயங்காலம் வரைக்கும் நல்லா இருந்தார்னு..."

அவள் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"யாரோ எனக்கு முன்னாடியே துக்கம் கொண்டாடியிருக்காங்க," என்றாள் மெதுவாக. "நான் விதவையாகப்போறது எனக்கே தெரியாம, எனக்குச் சாப்பாடு செஞ்சு வாசல்ல வச்சுட்டுப் போயிருக்காங்க."

இத்தனை மரியாதையான ஊரில் இத்தனை பெரிய அயோக்கியத்தனம் எப்படிக் குடியிருந்தது என்று நெஸ்டருக்குக் கோபமாக வந்தது.

"யாருது இது?" என்றாள் ஆர்டிஸ். குரல் உடையவில்லை, இறுகியிருந்தது.

"கண்டுபிடிச்சுடலாம். நாளைக்குத் தலைநகர்ல டாக்டர்கள் தினம். உங்க ஊர் ஆஸ்பத்திரி மகளிர் குழுதானே எல்லாருக்கும் விருந்து வைக்குது?" ஹில்டா பாத்திரத்தை நெஸ்டர் பக்கம் தள்ளினாள். "உனக்கு ஹாட்டிஷ் செய்யத் தெரியுமா?"

"இதைவிட என்னைச் சுட்டுடுங்க பாஸ்."

*

சட்டசபைக் கட்டடத்தின் பெரிய கூடம் மறுநாள் கொக்குக் கூட்டம் இறங்கிய வயல் மாதிரி வெளேரென்று இருந்தது. எங்கு பார்த்தாலும் வெள்ளைக் கோட்டு. ஆபரேஷன் அறையில் யாரும் போடாத, கஞ்சி மொடமொடக்கும் கோட்டு. வருஷத்துக்கு ஒரு நாள் செனட்டர்களைப் பார்த்துக் கையைக் குலுக்குவதற்கென்றே தைத்து வைத்திருப்பார்கள் போல. 'பரிவுக்குத் தண்டனையா?' என்று ஒவ்வொரு கோட்டிலும் ஒரு பேட்ஜ் குத்தியிருந்தது.

நீள மேசைகளில் ஹாட்டிஷ் பாத்திரங்கள் வரிசையாக நின்றன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நெஸ்டரால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. நீலக் கோடு போட்ட பாத்திரத்தை நடுவில் செருகியிருந்தான். அவன் கைவண்ணம். பச்சை மிளகாயை மனம்போல அரிந்து போட்டிருந்தான்.

அதை ஒரு வாய் போட்டுக்கொண்ட பருத்த செனட்டர் ஒருவர் கர்ச்சீப்பைத் தேடினார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "யாருய்யா இதைச் செஞ்சது?"

"பரிவு சார், பரிவு," என்றான் நெஸ்டர் பணிவாக. "கண்ணீர் வரத்தான் செய்யும். கவலைப்படாதீங்க, சாட்சியம் ஆகாது."

ஹில்டா தூணோரம் நின்றாள். ஆர்டிஸ் பாத்திரம் கழுவும் பக்கம் கையில் துண்டோடு நின்றாள். உதவிக்கு வந்த இன்னொரு பெண் என்றே எல்லாரும் நினைத்தார்கள். கையில் துண்டோடு நிற்கிறவளின் முகத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

"திட்டம் இவ்வளவுதானா பாஸ்?" என்று நெஸ்டர் கிசுகிசுத்தான். "வேடிக்கை பார்க்கறது?"

"விருந்து முடிஞ்சதும் ஒவ்வொருத்தியும் அவளோட பாத்திரத்தை எடுப்பா. பேரைப் பார்த்து எடுக்க மாட்டா. கை தானா போகும். இத்தனை வருஷம் கழுவின பாத்திரம் கைக்குத் தெரியும்."

"பந்தயம். டாக்டர் வேலோட சம்சாரம்."

டாக்டர் பிரெஸ்காட் வேல்தான் ஓரினுக்கு ஆபரேஷன் செய்தவர். இப்போது வெள்ளைக் கோட்டில், கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டு, இரண்டு செனட்டர்களுக்கு நடுவில் நின்றார். மனைவி மெலிண்டா ரோமக் காலர் வைத்த கோட்டில் இருந்தாள். அவளும் மகளிர் குழு.

"நானும் அவளைத்தான் நினைக்கறேன்," என்றாள் ஹில்டா.

கூட்டம் கலைந்தது. பாத்திரங்களில் மிச்சம் இருந்ததையெல்லாம் வழித்துக் கொட்டியாயிற்று. பெண்கள் மேசைக்கு வந்தார்கள். ஹில்டா சொன்னபடியே நடந்தது. ஒருத்தி பேசிக்கொண்டே, ஒருத்தி கோட்டு பட்டனைப் போட்டுக்கொண்டே, அவரவர் பாத்திரத்தை அலுங்காமல் எடுத்துப் போனார்கள். மெலிண்டா வந்தாள். நீலக் கோட்டுப் பாத்திரத்தின்மேல் கை வைத்தாள். நெஸ்டர் ஹில்டாவை முழங்கையால் இடித்தான்.

அவள் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, பின்னாலிருந்த பளிங்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"போச்சுடா," என்றான் நெஸ்டர். "பந்தயமும் போச்சு, வழக்கும் போச்சு."

ஹில்டாவின் முகத்தில் முதல் தடவையாகக் குழப்பம் தெரிந்தது. மேசையில் இரண்டு மூன்று பாத்திரங்களே பாக்கி.

சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட, சின்ன உருவமாக ஒரு பெண், சிந்தியதையெல்லாம் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒரு பாத்திரத்தை எடுத்து இடுப்பில் இடுக்கினாள். துடைத்தாள். இன்னொரு கையால் நீலக் கோட்டுப் பாத்திரத்தை எடுத்தாள், உடைசல் இருந்த பிடியைத் தொடாமல் மற்றப் பிடியில். எடுத்து, பழக்கம்போலக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள்.

அடியில் ஒன்றும் இல்லை. ஈரத் துணி அவள் கையிலிருந்து விழுந்தது. இதைக் கடைசியாக எங்கே விட்டுவிட்டு வந்தாள் என்பது ஞாபகம் வந்துவிட்டது என்று முகமே சொல்லியது.

"இது யாரு?" என்றான் நெஸ்டர்.

"கொரீன்," என்றாள் ஹில்டா. "செனட்டர் ஸ்டென்சனோட மனைவி."

ஆர்டிஸ் அதற்குள் அவள் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"அது உங்களுதா கொரீன்?"

"ஆர்டிஸ்... இது எப்படி..."

"என் வாசப்படியில இருந்தது. இவ்வளவு நாளா யாருதுன்னு தேடிக்கிட்டிருக்கேன். அன்னிக்கு எப்ப செஞ்சீங்க?"

கொரீனின் உதடு திறந்தது. அவள் சொல்லியிருப்பாள். நெஸ்டர் பிறகு எத்தனையோ தடவை சத்தியம் செய்தான், அப்போதே சொல்லியிருப்பாள்.

"கொரீன்! நேரமாச்சு!"

செனட்டர் லோவல் ஸ்டென்சன் நீட்டிய கையோடு வந்தார். மனைவியைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், ஆர்டிஸைப் பார்த்தார். ஒரு நொடி, ஒரே நொடி, அந்த முகத்தில் யாரும் இல்லை. உடனே தேர்தல் சிரிப்பு வந்து உட்கார்ந்தது. ஆர்டிஸின் தோளில் கை வைத்தார்.

"உங்க இழப்புக்கு நாங்க எல்லாரும் எவ்வளவு வருத்தப்படறோம்னு..."

"பார்த்து சார்," என்றான் நெஸ்டர். "மசோதா இன்னும் பாஸ் ஆகல. இப்ப சொல்றதெல்லாம் சாட்சியம்தான்."

கை தோளிலிருந்து, சூடு பட்டதுபோல விலகியது. செனட்டர் மனைவியின் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். நீலக் கோட்டுப் பாத்திரமும் அவள் மார்போடு போய்விட்டது.

"ஐயோ பாஸ், பிடுங்கியிருக்க வேண்டாமா? சாட்சியும் போச்சு, சாமானும் போச்சு!"

"கூட்டத்துல ஒரு பொம்பளை கையிலேர்ந்து அவளோட பாத்திரத்தைப் பிடுங்கினா நம்மளைத்தான் போலீஸ் பிடிக்கும்." ஹில்டா தன்மேல் உள்ள எரிச்சலையும் சேர்த்து மென்றுகொண்டிருந்தாள். "எவ்வளவு மடத்தனம்! அந்த வரியை டாக்டருக்காக எழுதியிருக்கார்னே நினைச்சுட்டேன். டாக்டரைக் காப்பாத்த இல்ல. தன் வீட்டு அடுப்பைக் காப்பாத்த எழுதினது."

*

விசாரணை அறையில் கூட்டம் நெரிந்தது. குதிரைலாட வடிவ மேசையின் நடுவில் தலைவர் ஸ்டென்சன் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தார். வருகிற சாட்சி ஒவ்வொருவரிடமும் அவர் பெயரைக் கேட்பார், மசோதாவுக்கு ஆதரவா எதிர்ப்பா என்று கேட்பார், சாட்சி சொல்லிவிட்டுப் பேச வேண்டும். அங்கே அதுதான் முறை.

டாக்டர் வேல் பேசினார். "ஒரு மனுஷனா நான் நோயாளி குடும்பத்தோட மனம்விட்டுப் பேச ஆசைப்படறேன். சட்டம் என் வாயைக் கட்டிப்போடுது," என்றார். வெள்ளைக் கோட்டுகள் கைதட்டின. உண்மையைச் சொல்லாதே என்று எந்தச் சட்டமும் தடுக்காத இத்தனை நாளில் இந்த மனுஷர் யாரிடம் மனம்விட்டுப் பேசினார் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

ஆர்டிஸ் பேசினாள். பாத்திரத்தைப் பற்றிச் சொன்னாள், உறைந்து கிடந்ததைப் பற்றிச் சொன்னாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் பரிவோடு தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"துக்கத்துல இருக்கறப்ப நேரம் காலம் குழம்பும் ஆர்டிஸ். யாருக்கும் சகஜம். ஆஸ்பத்திரிப் பதிவு தெளிவா இருக்கு. அந்தப் பாத்திரம் இப்ப உங்ககிட்ட இருக்கா?"

"இல்ல."

"சரி. உட்காருங்க."

நெஸ்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான், எழுந்துபோய் அந்த மனுஷர் மூக்கில் குத்திவிடாமல் இருக்க.

"எதிர்த்துப் பேச வேற யாராவது இருக்கீங்களா?" தலைவர் சுத்தியலைக் கையில் எடுத்தார். "இல்லைன்னா ஓட்டுக்கு..."

பின்கதவு திறந்தது. சாம்பல் ஸ்வெட்டரில், கோட்டு இல்லாமல், கொரீன் ஸ்டென்சன் வந்தாள். நடுவழியில் நடந்து போய், சாட்சி மேசையில் நீலக் கோட்டுப் பாத்திரத்தை வைத்தாள். மைக்கில் 'டொக்' என்று கேட்டது.

தலைவர் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த எதிர்க்கட்சி செனட்டர், இருமல் மாத்திரை சப்பிக்கொண்டிருந்த வயசான அம்மாள், குனிந்து சொன்னாள்: "தலைவரே, சாட்சி காத்திருக்காங்க. பேர் கேளுங்க."

"...பேர்?"

"கொரீன் ஸ்டென்சன். வெஸ்ட் ஹால்வர்."

"ஆதரவா... எதிர்ப்பா?"

"எதிர்ப்பு," என்றாள் கொரீன்.

அவள் கணவனைப் பார்க்கவில்லை. திரும்பி, ஆர்டிஸைப் பார்த்துப் பேசினாள். மைக்கில் பாதிதான் விழுந்தது. ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது.

"அன்னிக்குக் காலைல ஆஸ்பத்திரிலேர்ந்து லோவல் போன் பண்ணினார். 'வேல் உள்ளே எதையோ வெட்டிட்டார், ரத்தம் நிக்கல, ஓரின் தாங்க மாட்டான். ஆர்டிஸுக்கு ஏதாவது செஞ்சு வை'ன்னார். 'அவளுக்குச் சொல்லியாச்சா'ன்னு கேட்டேன். 'இன்னும் இல்ல. வக்கீல் வரட்டும்'னார்."

சுத்தியல் மேசையில் தட்டியது. யாரும் திரும்பவில்லை.

"நான் சமைச்சேன். எனக்கு வேற என்ன தெரியும்? உன் வாசல்ல வச்சுட்டுத் திரும்பறேன், பள்ளிக்கூட ஜன்னல்ல உன்னைப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். சிரிச்சுக்கிட்டு, பசங்களுக்குப் பால் ஊத்திக்கிட்டிருந்தே. உள்ளே வந்து உன் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும். போகல. வீட்டுக்குப் போயிட்டேன். அந்த வெக்கத்துலதான் பேர் ஒட்டல."

ஆர்டிஸ் எழுந்து நின்றாள்.

"அப்ப அவருக்கு நினைவு இருந்துச்சா?"

கொரீனின் விரல் பாத்திரத்தின் உடைசலைத் தடவியது.

"உன்னைக் கேட்டாராம். 'ஆர்டிஸ் வந்துட்டாளா, வந்துட்டாளா'ன்னு. லோவல்தான் அன்னிக்கு ராத்திரி சொன்னார். சொல்லிட்டு, யார்கிட்டயும் சொல்லாதேன்னார்."

டாக்டர் வேலின் இருக்கை காலியாக இருந்தது. எப்போது எழுந்து போனார் என்று நெஸ்டர் கவனிக்கவில்லை. அவன் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான், அதற்கு மிளகாய் காரணம் இல்லை.

"யார்கிட்டயாவது டேப் இருக்கா?" என்று கேட்டாள் கொரீன்.

குழுவின் எழுத்தர் மேசையிலிருந்து ஒரு சுருளை நீட்டினாள். கொரீன் ஒரு துண்டு கிழித்து, பேனாவால் தன் பெயரை எழுதி, பாத்திரத்தைக் கவிழ்த்து அடியில் ஒட்டினாள். கட்டை விரலால் ஓரம் வரை அழுத்தித் தேய்த்தாள். ஆர்டிஸிடம் நீட்டினாள்.

"கோர்ட்டுக்குக் கொண்டு போ. எனக்குத் திருப்பித் தர வேண்டாம்."

ஆர்டிஸ் வாங்கிக்கொண்டாள். ஹில்டா பக்கம் போகவில்லை, கதவுப் பக்கமும் போகவில்லை. பாத்திரத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, சுத்தியலைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்த தலைவருக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

"ரெண்டு தெரு, லோவல்," என்றாள். "ஏப்ரனோட வந்திருப்பேன்."